இங்கிலாந்துத் தங்கக் கூடு கொண்ட பழைய கைக்கடிகாரங்கள்: மும்பையில் தேடி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மும்பையில் பழைய கைக்கடிகாரம் வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் டயலைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கடைக்காரரும் டயலைத்தான் முதலில் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுகிறார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட தங்கக் கூடு (மெஷினைப் பொதிந்திருக்கும் வெளியுறை) கொண்ட கடிகாரங்களைச் சேகரிக்க விரும்புகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பின்மூடியின் உட்புறத்தில் உள்ள முத்திரைகளைப் படிக்க வேண்டும். அடுத்து மெஷினைப் பார்க்க வேண்டும். டயல் கடைசியில் வரட்டும். நம் ஊர்ச் சந்தையில் டயலையும் முள்ளையும் மெஷினையும் எவரும் எளிதில் மாற்றிவிடுகிறார்கள். கூட்டின் உள்ளே 60, 70 ஆண்டுகளுக்கு முன் அடித்த ஹால்மார்க் முத்திரையை அப்படி மாற்றுவது கடினம் என்பதால், நம்பிக்கைக்கு உரிய தொடக்கம் அதுவே.

இப்படிப்பட்ட கடிகாரங்கள் ஏன் உருவாயின என்பதை அறிந்துகொண்டால் தேடுவது எளிதாகும். 1915இல் பிரிட்டனின் நிதியமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னா, போர்க்காலச் சிக்கனத்துக்காக, இறக்குமதியாகும் கார், இசைக்கருவி, கடிகாரம் முதலான பொருள்கள்மீது 33⅓ சதவீத வரி விதித்தார். அந்த வரி இடையில் ஒருமுறை நீக்கப்பட்டு, 1925இல் திரும்பவும் வந்தது. முழுக் கடிகாரத்தையும் சுவிட்சர்லாந்திலிருந்து தங்கக் கூட்டோடு தருவிப்பதைவிட, மெஷினையும் டயலையும் மட்டும் தருவித்து, கூட்டை பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ செய்து பொருத்துவது மலிவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்த வழக்கத்தை மேலும் வலுப்படுத்தின. இதனால்தான் ஒமேகா, லாஞ்சீன், ஜெகர்-லெகூல்த்ர், ரோலக்ஸ், டியூடர் போன்ற சுவிஸ் பெயர்களைத் தாங்கிய கடிகாரங்கள் பல, 9 காரட் ஆங்கிலேயத் தங்கக் கூட்டில் இன்றும் கிடைக்கின்றன. பிரிட்டனிலேயே முழுமையாக உருவான ஸ்மித்ஸ் கடிகாரங்களுக்கும் இதே கூடு செய்வோர்தான் தங்கக் கூடு செய்து கொடுத்தார்கள்.

அந்தக் கூடு செய்வோரில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் டெனிசன். ஆரன் லஃப்கின் டெனிசன் 1812இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பின்னாளில் வால்தம் என்று பெயர் பெற்ற கடிகார நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். எந்திரங்களைக் கொண்டு ஒரே அளவில் பாகங்களைச் செய்யலாம் என்று நம்பிய அவர், பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து 1870களில் பர்மிங்ஹாமில் கூடு செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் 1895இல் இறந்த பிறகும் நிறுவனம் வளர்ந்து, 1967இல் மூடப்படும்வரை அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘ஏ.எல்.டி.’ என்பதையே தன் முத்திரையாக அடித்துவந்தது. லண்டனின் ஷாக்மன் நிறுவனம், ‘பி.டபிள்யூ.சி.’ என்று முத்திரையிட்ட பிரிட்டிஷ் வாட்ச் கேசஸ் ஆகியவையும் நல்ல வேலைப்பாட்டுக்குப் பெயர்போனவை. தொடக்கத்தில் ஒருவர் டெனிசனை மட்டும் எடுத்துக்கொண்டு, 1945க்கும் 1965க்கும் இடைப்பட்ட காலத்தில் நின்றுவிடுவது நல்லது. அந்தக் கால மெஷின்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்கிறது. கூடுகளும் தினமும் அணியும் அளவுக்கு உறுதியாக உள்ளன.

முத்திரைகளைப் படிக்கும் முறை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சாய்வான வெளிச்சமும் இருந்தால் போதும். பின்மூடியின் உட்புறத்தில் பொதுவாக நான்கு செய்திகள் இருக்கும்: முத்திரையைப் பதிவு செய்தவரின் முதலெழுத்துகள், தங்கத்தின் தரம், சோதித்த நகரத்தின் சின்னம், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. நம் நகைகளில் இப்போது காணும் பி.ஐ.எஸ். சின்னம், தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்.யு.ஐ.டி. ஆகியவற்றோடு பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. ஆனால் ஆங்கிலேய முத்திரை ஒரு படி மேலே சென்று, ஊரையும் ஆண்டையும் கண்ணுக்கு நேராகவே சொல்லிவிடுகிறது.

தரத்தைக் குறிக்கும் எண்களில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ‘9’, ‘.375’ என்ற இணை. 9 காரட் என்றால் ஆயிரத்தில் 375 பங்கு பொன். இறக்குமதியான 18 காரட் கூட்டுக்கு ‘18’, ‘.750’ என்று இருக்கும். ஆங்கிலேயக் கூடாக இருந்தால், ‘.750’க்குப் பதில், அந்தக் காலத்தில் 18க்கும் 22க்கும் மட்டும் அடிக்கப்பட்ட கிரீடச் சின்னம் ‘18’ என்ற எண்ணோடு இருக்கும். 9 காரட் கூட்டில் கிரீடம் இல்லையே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். 1975க்கு முன் அதற்குக் கிரீடம் அடிப்பதில்லை. 12, 15 காரட் தரங்கள் 1932இல் கைவிடப்பட்டு, அவற்றின் இடத்தில் 14 காரட் வந்தது. ஆகவே 15 காரட் என்று காணும் கூடு அந்த ஆண்டுக்கு முந்தையது.

அடுத்தது நகரச் சின்னம். இங்கேதான் உள்ளூர்க் கூடும் இறக்குமதிக் கூடும் பிரிகின்றன. சேகரிப்பின் மையமே இந்த வேறுபாடுதான். பர்மிங்ஹாமில் செய்து அங்கேயே சோதிக்கப்பட்ட தங்கத்துக்கு நங்கூரச் சின்னம்; லண்டனுக்குச் சிறுத்தைத் தலை; செஸ்டருக்கு மூன்று கோதுமைக் கட்டுகளும் வாளும்; எடின்பரோவுக்குக் கோட்டை. 1907 ஜூன் முதல், வெளிநாட்டிலிருந்து வரும் பொன், வெள்ளிக் கூடுகளையும் பிரிட்டனில் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அவற்றுக்கு வேறு சின்னங்கள் அடிக்கப்பட்டன: பர்மிங்ஹாமில் சமபக்க முக்கோணம், லண்டனில் சிம்ம ராசியின் குறி, செஸ்டரில் இரண்டு இலையோடு ஓக் காய். நங்கூரத்துக்குப் பதில் முக்கோணம் இருந்தால் அந்தக் கூடு சுவிட்சர்லாந்திலோ வேறு எங்கோ செய்யப்பட்டு, பர்மிங்ஹாமில் முத்திரை மட்டும் பெற்றது என்று பொருள். அதுவும் நல்ல கடிகாரமாக இருக்கலாம். ஆனால் நாம் தேடுவது அதுவல்ல.

முதலெழுத்துகளைப் பார்த்தவுடன் செய்தவர் பெயர் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. இறக்குமதிக் கூடுகளில் அடிக்கடி வரும் ‘ஜி.எஸ்.’ என்பது ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்பவருடையது, ‘ஏ.ஜி.ஆர்.’ என்பது ஆர்தர் ஜார்ஜ் ரெண்டெல் என்பவருடையது. இவர்கள் கூடு செய்தவர்கள் அல்லர். பல இறக்குமதியாளர்களின் சரக்கைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கித் தந்த முகவர்கள். ‘ஜி.எஸ். கம்பெனிக் கூடு’ என்று பெருமையாகச் சொல்லி விலை ஏற்றும் விற்பனையாளரிடம் இதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

ஆண்டெழுத்து சிறிது பொறுமையைக் கேட்கும். பர்மிங்ஹாமில் எழுத்து வரிசை 1925இல் ‘ஏ’ என்று தொடங்கி, 1950இல் மீண்டும் ‘ஏ’ என்று தொடங்கியது. ஆகவே எழுத்தை மட்டும் பார்த்தால் 25 ஆண்டுப் பிழை நேரலாம். எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்தே அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அங்கே எழுத்து ஜூலையில் மாறியதால், ஒவ்வோர் எழுத்தும் இரண்டு ஆண்டுகளைத் தொடும்: 1950களின் வரிசையில் ‘இ’ என்பது 1954-55, ‘எல்’ என்பது 1960-61. ஜனவரியில் தொடங்கும் பொது வரிசை 1975இல்தான் வந்தது.

முத்திரை பின்மூடியில் மட்டும் இருந்தால் போதாது. கண்ணாடி வளையமும் நடுக்கூடும் தனித்தனித் துண்டுகளாக இருந்தால் அவற்றிலும் சிறு முத்திரைகளாவது இருக்க வேண்டும். பின்மூடி மட்டும் தங்கமாகவும் மற்றவை பூச்சாகவும் சேர்த்து ஒட்டிய கடிகாரங்கள் சந்தையில் உலவுகின்றன.

தங்கமா, தகடா

நம் வீடுகளில் 916 பொன்னைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு 9 காரட் என்றாலே முகம் சுளிக்கும். 37.5 சதவீதப் பொன்னைத் தங்கம் என்று சொல்லலாமா என்று மாட்டுங்காவில் எத்தனையோ பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே; ஆனால் கையில் தினமும் மோதித் தேயும் கூட்டுக்கு 22 காரட் மிக மென்மையானது. செம்பும் வெள்ளியும் சேர்ந்த 9 காரட் கலவை கடினமானது. மூடி இறுகப் பொருந்தவும், அழுத்திச் சாத்தும்போது ‘டிக்’ என்ற ஒலியோடு உட்காரவும் அந்தக் கடினம் வேண்டும். அதைத் தாழ்ந்த தரம் என்று கருதாமல், பயன்பாட்டுக்கு ஏற்ற கலவை என்று கொள்வதே சரி.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டெனிசன் நிறுவனமே தங்கத் தகடு பொதிந்த கூடுகளையும் பெருமளவில் செய்தது. பித்தளைபோன்ற மலிவு உலோகத்தின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டிய இவற்றுக்கு ‘ஸ்டார்’, ‘மூன்’, ‘சன்’ என்று பெயரிட்டார்கள். இத்தனை ஆண்டு தேயாது என்ற உத்தரவாதச் சொற்களும் உள்ளே பொறிக்கப்பட்டிருக்கும். டெனிசன் என்ற பெயரைக் கண்டவுடன் முழுத் தங்கம் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. உள்ளே ஆண்டு உத்தரவாதம் எழுதியிருந்தால் அது முழுத் தங்கம் அல்ல. முழுத் தங்கக் கூட்டுக்கு ஹால்மார்க்கே போதும், யாரும் உத்தரவாதம் எழுத மாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் ஜவேரி பஜாரில் தங்கச் சோதனைக் கடைகள் நிறைய உண்டு. ஆனால் அங்குள்ள எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தடித்த தங்கத் தகடு பொதிந்த கூட்டை அதன்கீழ் வைத்தால், தகட்டின் தரம் என்னவோ அதையே அது காட்டும். உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் இதே குறையுடையது. அதோடு கூட்டில் கீறலும் விழும். இதைவிட நம்பகமானது, எவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய அடர்த்திச் சோதனை. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். மெஷின், கண்ணாடி, சாவித்திருகு, வார்க் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் கூட்டை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, காட்டும் எடையைச் சுழியாக்கி, கூட்டை மெல்லிய நூலில் கட்டி அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீரில் முழுதும் மூழ்குமாறு தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது, கூடு விலக்கிய நீரின் எடை; நீரில் ஒரு கிராம் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே கூட்டின் கன அளவு. காற்றில் 11.20 கிராம் இருந்த கூடு நீரில் 1.00 கிராம் காட்டினால் அடர்த்தி 11.2. மஞ்சள் 9 காரட் கலவை ஏறத்தாழ 11 முதல் 12 வரை வரும்; 18 காரட் 15க்கு மேல்; பித்தளை அடித்தளம் கொண்டது 9ஐ ஒட்டியே நிற்கும். நீரில் இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால் காற்றுக் குமிழ்கள் ஒட்டாது. எந்த விற்பனையாளரும் கடையில் இதைச் செய்ய விட மாட்டார்; ஆனால் விலை பெரிதாக இருந்தால், நம்பகமான பழுதுநீக்குபவர் ஒருவரை உடன்வைத்துக் கழற்றிப் பார்க்கும் நிபந்தனையில் பேரம் பேசலாம்.

விலையைப் பற்றி ஒரு கணக்கை மட்டும் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். வெறும் கூடு 10 கிராம் என்றால் அதில் 3.75 கிராம் பொன். அன்றைய 24 காரட் விலையால் அதைப் பெருக்கினால் கிடைப்பது அடித்தளம். அதற்கு மேலே கொடுப்பது எல்லாம் மெஷினுக்கும் டயலுக்கும் பொருத்தத்துக்கும் கொடுக்கும் விலை. தங்கம் ஏறும் ஒவ்வொரு முறையும் நல்ல கூடுகள் உருக்கப்பட்டு, மெஷினும் டயலும் அனாதையாகக் கடைகளில் கிடப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஒருமுறை உருகினால் அந்த முத்திரைகள் திரும்ப வரப்போவதில்லை.

கூடும் மெஷினும் ஒன்றுக்கொன்று உரியவையா

கூட்டின் ஆண்டு தெரிந்த பிறகு மெஷினின் தொடர் எண்ணைப் பார்க்க வேண்டும். ஒமேகாவில், சேகரிப்பாளர்களிடையே புழங்கும் அட்டவணைப்படி, ஒரு கோடி என்ற எண் சுமார் 1944ஐயும், ஒன்றரைக் கோடி சுமார் 1956ஐயும் சேர்ந்தவை. மெஷின் கப்பலில் வந்து, கூட்டில் ஏறி, சோதனைச் சாலைக்குப் போன இடைவெளியால், மெஷின் கூட்டைவிட ஓரிரண்டு ஆண்டுகள் மூத்ததாக இருப்பது இயல்பு. கூட்டைவிட மெஷின் பல ஆண்டுகள் இளையதாக இருந்தால் பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கூட்டில் உள்ள எண் ஆங்கிலேயக் கூடு செய்தவரின் எண்ணாக இருக்கலாம். சுவிஸ் நிறுவனத்தின் மாடல் பட்டியலில் அது கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கடிகாரத்தை ஒதுக்கக் கூடாது.

இப்போதுதான் டயலுக்கு வருகிறோம். மறுவர்ணம் பூசிய டயலும் பல கடிகாரங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பாகங்களும் கொண்டவற்றை உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே அழைக்கிறார்கள். இந்த ஊரில் வாழும் நமக்கு அது உவப்பான பெயர் அல்ல என்றாலும், எச்சரிக்கை தேவையானதே. சோர் பஜாரின் மட்டன் தெருவில் பளிச்சென்ற நீலம், சிவப்பு, பச்சை டயல்கள் கண்ணைப் பறிக்கும். 1950களில் பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட தங்கக் கடிகாரங்களின் டயல்கள் பெரும்பாலும் வெள்ளி நிறமோ பால் வெள்ளையோதான். அச்சு எழுத்தின் விளிம்பு லென்ஸில் கூர்மையாகத் தெரிய வேண்டும். நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். அடியில் உள்ள ‘ஸ்விஸ் மேட்’ என்ற சொற்கள் ஆறு மணிக் குறியின் இருபுறமும் நேராக அமைந்திருக்க வேண்டும். சுவிஸ் பெயருக்குக் கீழே காரார்ட், மேப்பின் அண்ட் வெப் போன்ற லண்டன் கடைகளின் பெயர் இருந்தால் அது கூடுதல் மதிப்பு. மங்கலும் சிறு புள்ளிகளும் கொண்ட அசல் டயல், புதிதாகப் பூசிய டயலைவிட எப்போதும் மேலானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பின்மூடியின் வெளிப்புறத்தில் ‘இருபத்தைந்து ஆண்டு சேவையைப் பாராட்டி’ என்பதுபோல் ஆங்கிலத்தில் பொறித்த வரிகளைப் பல கடிகாரங்களில் காணலாம். தொழிற்சாலைகளும் வங்கிகளும் ரயில்வேக்களும் ஊழியர் ஓய்வுபெறும்போது இப்படிப்பட்ட தங்கக் கடிகாரங்களைப் பரிசளித்தன. சிலர் அந்தப் பொறிப்பைத் தேய்த்து அழித்து விற்கிறார்கள். அப்படி அழித்த மூடி மெலிந்து, விரலால் அழுத்தினாலே குழியும். பொறிப்போடு இருப்பதை வாங்குங்கள். விலையும் குறையும், முத்திரையின் ஆண்டோடு பொறிப்பின் ஆண்டும் ஒத்துப்போனால் கடிகாரத்தின் உண்மைத்தன்மைக்கு அது இன்னொரு சான்றாகும்.

வாங்கிய பின்

இந்தக் கூடுகளில் பெரும்பாலானவை அழுத்தி மூடும் வகை. நீர் புகாது என்ற உறுதி கிடையாது. மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் இவற்றை அணிவது மெஷினைத் துருப்பிடிக்க விடுவதற்குச் சமம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுகிய டப்பாவில் வைத்து, இடையிடையே சாவி கொடுத்து ஓடவிடலாம். 9 காரட்டில் செம்பும் வெள்ளியும் இருப்பதால் வியர்வையிலும் ஈரத்திலும் நிறம் கறுக்கும். மென்மையான துணியால் துடைத்தாலே போதும். பளபளப்பு எந்திரத்தில் கொடுக்கவே கூடாது. விளிம்புகள் மழுங்கும்; வார் மாட்டும் காதுகள் மெலியும்; நடுக்கூட்டின் முத்திரை மறையும்.

வார் மாட்டும் காது உடைந்தால் ஈயப் பற்று வைக்கும் ஆசாரியிடம் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ஈயம் தங்கத்தோடு கலந்தால் அந்த இடம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பின்னால் முறையான தங்கப் பற்று வைக்கவும் முடியாமல் போகிறது. லேசர் வெல்டிங் செய்யும் நகைப் பட்டறைகள் ஜவேரி பஜார்ப் பகுதியில் உண்டு; மெஷினைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொடுத்து, அதே 9 காரட் கம்பியால் செய்யச் சொல்ல வேண்டும். அவர்களிடம் 9 காரட் கம்பி பெரும்பாலும் இருக்காது. தேய்ந்துபோன 9 காரட் சங்கிலித் துண்டு ஒன்றை நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் நிறம் பொருந்தும்.

சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு கடிகாரத்துக்கும் முத்திரைகளின் படம், மெஷின் எண், வெறும் கூட்டின் எடை, அடர்த்திக் கணக்கு, வாங்கிய ரசீது ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். காப்பீட்டுக்கும் வாரிசுகளுக்கும் அது உதவும். 100 ஆண்டைக் கடந்த கடிகாரங்களில் மட்டும் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி அவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை உண்டு. 1920களின் தொடக்கத்தைச் சேர்ந்த கூடுகள் இப்போது அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருப்பவர்கள், ஆண்டெழுத்தைப் படித்து உறுதி செய்துகொண்டு, தேவையானால் தொல்லியல் துறையிடம் சான்று பெற்ற பிறகே விமானம் ஏற்ற வேண்டும்.